லெகாலிடம் யாரும் பேசாத மத்தியானம்

லெகால் என்று ஒரு பையனைக் கூப்பிட்டு டோங்கி முதன்முதலில் கேட்டது ஒரு வசவோடு சேர்த்துத்தான். அறுவடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். தங்கை முறையான திபுஸ் வீட்டு முற்றத்தில் அரிசி மது புளித்துக்கொண்டிருந்த பானை மேல் எங்கிருந்தோ ஒரு பந்து வந்து விழுந்தது. பந்தென்றால் பந்தா? கூழாங்கல்லைத் துணியில் சுற்றி ரப்பர் நாடா கட்டியது. பானை இரண்டாய்ப் பிளந்தது.

"அடேய் லெகால்! அந்தக் கையை ஒடிச்சு அடுப்புல வெக்கலேன்னா பாரு!"

சுவருக்குப் பின்னாலிருந்து எட்டு வயசுத் தலை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

"யாரு பேருடி வெச்சிருக்கே உன் பையனுக்கு?" என்று டோங்கி கேட்டாள்.

"அம்மாவோட தாய்மாமன் பேருக்கா. மறந்துட்டியா?"

டோங்கி எப்படி மறப்பாள்? அவள் அம்மாவும் திபுஸின் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தப் பழைய லெகால் ஜப்பான்காரன் தீவை ஆண்ட காலத்தில் தென்கடல் போருக்குப் போனவர். எலும்புகூடத் திரும்பவில்லை. அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தபோது ஊர்க்கிழவிகள் முணுமுணுத்தார்களாம். திபுஸ்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பேரு வீட்டுக்கு வந்துடுச்சு. ஆளும் வருவான்," என்றாளாம். டோங்கி சிரித்தாள். ஆனாலும் உடைந்த பானை ஓட்டைப் பொறுக்கும்போது கை ஒருமுறை நின்றது.

பிறகு பந்தை எறிந்த அந்தக் கையே லெகாலுக்குச் சோறு போட்டது. பேஸ்பால் ஆடுகிறான் என்று தலைநகருக்கு வெளியே ஒரு கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரில்தான் டோங்கியின் சாப்பாட்டுக் கடை. முதல் நாளே வந்து வாசலில் நின்று, "பெரியம்மா, அந்தப் பானைக்கு நான்தான் பொறுப்பு," என்றான். மூன்று கிண்ணம் சோறு தின்றான்.

பந்தென்றால் அவனுக்கு உயிர். சாப்பிடும்போதும் இடது கையில் ஒரு பந்து உருண்டுகொண்டே இருக்கும். அதன் சிவப்பு நூல் தையலை விரலால் தடவித் தடவியே சோற்றை மெல்லுவான். அவன் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர், காலோ என்பவன், கேலி செய்வான்: "இவனுக்குக் கல்யாணம் ஆனா பொண்டாட்டிக்கும் செவப்பு நூல்ல தையல் போட்டிருக்கணும் பெரியம்மா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கடைத் தொலைபேசியிலிருந்து ஊருக்குப் பேசுவான். திபுஸ் இரண்டே கேள்விதான் கேட்பாள்: சாப்பிட்டியா, ஜெயிச்சியா. அதற்கப்புறம் அவன், "அம்மா, போனைக் கொஞ்சம் வெளியே நீட்டும்மா," என்பான். கண்ணை மூடி ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பான். வரிசையில் நிற்கும் பையன்கள் முனகுவார்கள். டோங்கி கரண்டியை ஓங்குவாள்.

மூன்றாம் வருஷம், கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முந்தின மூன்று ஞாயிறும் போனை எடுத்தது தாய்மாமன் ஆதோப். முதல் வாரம், அம்மா வயலுக்குப் போயிருக்கிறாள் என்றார். இரண்டாம் வாரமும் வயல். மூன்றாம் வாரமும் அதையே கேட்டுவிட்டு லெகால் டோங்கியிடம் வந்தான்.

"பெரியம்மா, எங்கம்மா ஞாயித்துக்கெழமை வயலுக்குப் போகவே மாட்டா."

"களை அதிகமாயிருக்கும்டா."

"மாமா ஆத்துச் சத்தத்தைக் கேக்க விடல. போனை வெச்சுட்டாரு." அவன் பந்தை உருட்டவில்லை. "ஊர்லேர்ந்து போன் வந்தா, நான் எங்க இருந்தாலும் வந்து கூப்பிடுங்க. பரீட்சையா இருந்தாலும் சரி, ஆட்டமா இருந்தாலும் சரி. கூப்பிடுவீங்கல்ல?"

"கூப்பிடாம எங்கடா போவேன்?"

இறுதி ஆட்டத்தன்று காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தும்பிகள் கூட்டங்கூட்டமாக முழங்கால் உயரத்தில் பறந்தன. தீவின் கிழக்கே புயல் வருகிறது என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"டோங்கி, நான் ஆதோப். திபுஸுக்கு ஈரல் போயிடுச்சு. பையன் ஆட்டம் முடியட்டும், சொல்லாதேன்னு அவதான் வாயைக் கட்டி வெச்சிருந்தா. இன்னைக்கு அவளே அவனைக் கேக்கறா. நினைவு இருக்கு, பேசறா. ராத்திரிக்குள்ள வந்துட்டா பாத்துடலாம். மூணு நாப்பது ரயிலுக்கு அப்புறம் ரயிலே விடமாட்டானாம். இங்க காத்து தொடங்கிடுச்சு."

டோங்கி அடுப்பை அணைத்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் கல்லூரி மைதானத்துக்கு ஓடினாள்.

பெஞ்ச் பக்கம் போனதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இருபது பையன்கள் இருந்தும் ஒரு சத்தமில்லை. கடைசி ஓரத்தில் லெகால் தனியாக உட்கார்ந்திருந்தான், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. அவனுக்குப் பக்கத்தில் நாலு ஆள் இடம் காலி.

காலோ குறுக்கே வந்து கையை விரித்தான். "பெரியம்மா, வாயைத் திறக்காதீங்க," என்று கிசுகிசுத்தான். "ஆறு சுத்து முடிஞ்சிருச்சு. எதிர்ல ஒருத்தனும் இன்னும் அடிக்கல. ஒருத்தனும்!"

ஒன்பது சுற்றும் ஒருவனையும் அடிக்கவிடாமல் வீசுவது ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் அதிகம். அது நடந்துகொண்டிருக்கும்போது வீசுகிறவனிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் கலைந்துவிடும் என்பது ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. டோங்கிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைத் தொலைக்காட்சியில் அப்படி ஒரு ஆட்டம் ஓடியபோது வாயைத் திறந்த ஒருவனைச் சூப்புக் கிண்ணத்தோடு வெளியே அனுப்பியவள் அவள்.

கோச்சின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு பத்து. மூணு சுத்துதான் பாக்கி. எப்படியும் மூணுக்குள்ள முடிஞ்சிடும். என் மோட்டார் சைக்கிள்லயே ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடறேன். நீங்க சொல்லணும்னா சொல்லுங்கக்கா. நான் தடுக்கல."

அவர் தடுக்கவில்லை. அதைத்தான் டோங்கி பிற்பாடு தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வாள்.

அப்போது லெகால் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். இடுப்பில் இருந்த சமையல் துணியைப் பார்த்தான். புருவத்தை மட்டும் உயர்த்தினான்: ஊர்லேர்ந்தா?

டோங்கி சிரித்தாள். ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஏழாவது சுற்று சட்டென்று முடிந்தது. எட்டாவதில் ஒருவன் கோட்டுக்கு வெளியே வெளியே தட்டிக்கொண்டே இருந்தான், பதினோரு பந்து. எதிரணிக் கோச் நடுவரிடம் போய் வாதாடினார். பிறகு ஆள் மாற்றினார். லெகாலின் அணி அடிக்க வந்தபோது அவர்கள் வீசுகிறவனை இரண்டு முறை மாற்றினார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவனும் கை சூடாகிற வரை வீசிப் பார்த்துக்கொண்டான். டோங்கியின் விரல்கள் துணி முனையை முறுக்கிக்கொண்டே இருந்தன. மூன்று. மூன்று பத்து. மூன்று இருபத்தைந்து. இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் இருபது தலைகள் திரும்பின. உட்கார்ந்தாள். தும்பிகளைக் காணவில்லை. கிழக்கே வானத்தின் ஓரம் செம்பு நிறமாகியிருந்தது.

கடைசி ஆளும் மட்டையைக் காற்றில் வீசி ஏமாந்தபோது மூன்று முப்பத்தாறு.

அத்தனை நேரம் அடக்கிய வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. பையன்கள் அவனைத் தூக்கப் பாய்ந்தார்கள். அவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே டோங்கியிடம் வந்தான்.

"போன்ல யாரு?"

சொன்னாள்.

ஆணி வைத்த காலணியோடு தார் ரோட்டில் ஓடினான். கோச் மோட்டார் சைக்கிளில் விரட்டிப்போய் ஏற்றிக்கொண்டார். ரயில் நேரத்துக்குக் கிளம்பியிருந்தது. நடைமேடையில் ஒருவன் இனி ரயில் இல்லை என்ற அறிவிப்புப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தான். லெகால் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போன் போட்டான். மணி அடிக்கவே இல்லை. கம்பி அறுந்திருந்தது.

திபுஸ் மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனாள். மலைச்சரிவு விழுந்து பாதை ஆறு நாள் அடைபட்டது. ஐந்தாம் நாள் அவன் தண்டவாளத்தோடு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தான். மண் போட்டு முடித்திருந்தார்கள். கடைசி ராத்திரி முழுக்க வாசலைக் காட்டிக் கேட்டாள் என்று ஆதோப் சொன்னார்.

துணிமணி எடுக்க ஒரே ஒரு தடவை கல்லூரிக்கு வந்தான். டோங்கி வழியில் போய் நின்றாள். திட்டுவான், அடிப்பான், எதுவாயிருந்தாலும் சரி என்று நின்றாள். அவன் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டான்.

"நீங்க சிரிச்சீங்களே, பெரியம்மா?"

அந்த ஆட்டத்துப் பந்தைக் காலோ எடுத்து வைத்திருந்தான். லெகால் வாங்கிக்கொள்ளவில்லை.

இது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. லெகால் இப்போது ஊரில், தாய் வீட்டில் தனியாக இருக்கிறான். ஆற்றுப்படுகையில் சரளைக்கல் லாரி ஓட்டுகிறான்.