நான் ஒளித்துவைத்த கட்டுரை

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அண்ணையும் கனடாவில் மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். அண்ணை ஊரில் மின்பொறியியல் படித்து முடித்தவர். இங்கே, எரிந்துபோன மோட்டர்களுக்குத் திரும்பக் கம்பி சுற்றுகிற வேர்க்‌ஷொப் ஒன்றில் அவருக்கு வேலை. நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், திரும்பி வருகிற புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்.

ஒருநாள் அண்ணையின் வேலையிடத்துக்கு ஒரு மோட்டர் வந்தது. அதன் சுழல்கிற பகுதியில் காந்தங்களை ஒட்டியிருந்தார்கள். ஓடும் வேகத்தில் பசை விட்டு, காந்தத் துண்டுகள் சிதறி, சுற்றியிருந்த கம்பிச் சுருள் முழுவதையும் கிழித்துவிட்டிருந்தன. அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து எனக்கு அதைக் கீறிக் காட்டினார். காந்தம் எதற்குச் சுழலவேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. காந்தத்தையும் சுருளையும் அசையாத வெளிப்பகுதியிலேயே வைத்துவிட்டு, நடுவில் பல் வெட்டிய வெறும் இரும்பை மட்டும் சுழலவிட்டால் என்ன? இரும்புப் பல் ஓரிடத்தில் நிற்கும்போது காந்தப் பாயம், அதாவது காந்தவிசையின் ஓட்டம், சுருளுக்குள் ஒரு திசையில் போகும். பல் கொஞ்சம் நகர்ந்ததும் அதே பாயம் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும். இப்படி மாறி மாறித் திரும்பினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பிய்ந்து பறக்க அங்கே ஒன்றும் இருக்காது. விஞ்ஞானம் படிக்காத எனக்கே அது விளங்கியது.

கழித்துவிட்ட மோட்டர்களிலிருந்து காந்தங்களும் இரும்புத் தகடுகளும் வீட்டுக்கு வந்தன. பல்கனியில் குந்தியிருந்து வாளால் அரிவார், அரத்தால் தேய்ப்பார். இந்த நாட்டில் பொறியியலாளராகப் பதிவதற்கு இங்கே வேலைசெய்த அனுபவம் கேட்டார்கள். அனுபவம் இல்லாதவருக்கு வேலை கொடுக்க ஒருவரும் இல்லை.

"உது என்ர எண்டு காட்ட ஒரு சாமான் கையில இருந்தா, பிறகு ஆரும் என்னட்ட ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றார்.

இதை வேறு யாரும் முன்பே செய்திருக்கிறார்களா என்று நூலகத்தில் தேடிப்பார்க்கச் சொன்னார். சில கிழமைகள் தேடினேன். கார்த்திகை மாதத்தில், நூலகத்தின் கீழ்த்தளத்தில், நான் பிறப்பதற்கு முன்பு வந்த ஒரு சஞ்சிகைத் தொகுப்பில் அது இருந்தது. அசையாத காந்தம், அசையாத சுருள், நடுவில் பல் வெட்டிய இரும்பு. அண்ணை மேசையில் கீறிய அதே படம். போட்டோக்கொப்பி எடுத்து, மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தபோது அண்ணை ட்ரில் மெஷினால் தன் இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்தது. "பார், பார்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நானும் சிரித்தேன். நூலகத்தில் ஏதும் அகப்பட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். கொப்பியை என் சூட்கேசின் அடியில், உடுப்புகளுக்குக் கீழே வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அண்ணை இயந்திரத்தை இன்னும் திருத்திக்கொண்டிருக்க, அப்படியே குளிர்காலம் முழுவதும் போனது.

பங்குனியில் ஒரு பேராசிரியர் அவரைச் சந்திக்கச் சம்மதித்திருந்தார். அண்ணை இயந்திரத்தைத் துவாயால் சுற்றி, வாழைப்பழப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அவருக்கு லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் திரும்பி வந்தவர் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். பேராசிரியர் நல்ல மனிதராம். இயந்திரத்தைத் தானே சுழற்றிப் பார்த்தாராம். பிறகு எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய சஞ்சிகையை எடுத்து அவருக்கு முன்னால் விரித்து வைத்தாராம். ஆனாலும், யாருடைய உதவியும் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உங்களை என்னிடம் முதுகலைக்கு எடுத்திருப்பேன் என்று சொன்னாராம்.

"தை மாசத்தோட விண்ணப்பம் மூடிட்டினமாம். வாற வருசம் அவர் பென்ஷன் எடுக்கிறார்" என்றார் அண்ணை. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே எண்டு கேட்டார்."

அதற்கு மேல் என்னால் ஒளிக்க முடியவில்லை. அறைக்குள் போய்க் கொப்பியை எடுத்துவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"எப்ப எடுத்தனி?"

"பல்ப் எரிஞ்ச அண்டைக்கு."

கொப்பியைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தார்.

"அண்டைக்கு என்னோட சேந்து நீயும் சிரிச்சனி, பிள்ளை" என்றார்.

அவர் ஏசவில்லை. வழக்கம்போலச் சோறு வைத்தார், எனக்கும் போட்டுத் தந்தார். அடுத்த சனிக்கிழமை இயந்திரத்தைக் கழற்றி, இரும்பை வேர்க்‌ஷொப்பின் கழிவுத் தொட்டிக்கே கொண்டுபோனார். அவருடைய மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தச் சிரிப்பு நின்றுபோவதைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது. கார்த்திகையிலேயே சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பார். பிறகு, இதையே மேலே படிக்க வழி உண்டா என்று கேட்க, அந்தக் கட்டுரையோடு அதே பேராசிரியரிடம் தையிலேயே போயிருப்பார்.

அடுத்த வருடம் வேறு இரண்டு பல்கலைக்கழகங்களின் விண்ணப்பப் படிவங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குள் அண்ணி வந்து, வயிற்றில் பிள்ளையும் இருந்தது. "இனி உது சரிவராது" என்று சொல்லி, படிவங்களைக் கவனமாக உறைக்குள் போட்டுத் திருப்பித் தந்தார். பின்னர் வேர்க்‌ஷொப்பில் சூப்பவைசராகி, மார்க்கம் என்ற நகரில் வீடும் வாங்கினார்.

என்னைவிட அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் முன்பெல்லாம் ஏதாவது கடிதம் வந்தால் சோம்பலில் என்னிடம் நீட்டி, "என்ன எழுதிக்கிடக்கு, பார்த்துச் சொல்" என்பார். அந்தப் பங்குனிக்குப் பிறகு தனக்கு வந்த ஒரு கடிதத்தையும் அவர் என்னை வாசித்துச் சொல்லும்படி கேட்டதில்லை.