ஆயக்குடி புளியமரத்தடியில் நாற்பத்தைந்து நிமிஷம்

ஏழு வயது முடியப்போகும்வரை எனக்குக் காது குத்தவில்லை. காரணம் ஜெர்மனி.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி. அறந்தாங்கியிலிருந்து சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனவர், அங்கே ஒரு கம்பெனியைப் பிடித்து, துருக்கி, பல்கேரியா என்று நகர்ந்து, கடைசியில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் டிரெய்லர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வயதானபோது லீவு இல்லை என்று கடிதம் வந்தது. மூன்று வயதில், அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்று வந்தது. ஐந்து வயதில் கடிதமே வரவில்லை. இரட்டைப்படை வயதில் குத்தக்கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். ஆக, நான் மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனேன். பேனுக்குப் பயந்து முடியையும் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். வகுப்பில் பையன்கள் என்னை ‘வாடா, போடா’ என்றார்கள். அதற்கெல்லாம் மாமாதான் காரணம் என்று நான் அவரை வெறுத்தேன். முகம் தெரியாத ஆளை வெறுப்பது ரொம்ப சுலபம்.

எட்டு வயது பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது மாமா வந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு பெட்டி. செண்டு பாட்டில் இல்லை, டேப் ரிக்கார்டர் இல்லை. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அந்தப் பெட்டியை இரண்டு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

என் பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமைதான் முகூர்த்தம் அமைந்தது. பழனி அடிவாரத்தில், ஒன்பதே காலுக்கு மேல் பத்துக்குள். அதை விட்டால் ஒன்பது வயதுவரை காத்திருக்க வேண்டும். நான் அந்த மாதம் முழுவதும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஜிமிக்கி வைத்திருந்த டப்பாவை ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து பார்த்தேன்.

வாடகை வேனுக்குத் தனியாக டிரைவர் எதற்கு, ஐரோப்பாவையே ஓட்டிய ஆள் வீட்டில் இருக்கும்போது என்று பெரியப்பாதான் ஆரம்பித்தார். “நான் வேணாம் மச்சான்” என்று மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஊர் பார்க்க ஒரு பெருமை வேண்டாமா? பெரியப்பா விடவில்லை.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். மாமா பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் காணாமல் திகைத்துப்போனார். வேனே சிரித்தது. அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. காரைக்குடி, நத்தம், திண்டுக்கல் என்று ஒரே சீராக ஓட்டினார். முந்தவில்லை, ஹாரனைத் தொடவில்லை. மாட்டுவண்டிக்குப் பின்னால்கூட மரியாதையாகப் போனார்.

“ஹாரன் வேலை செய்யுதா மாப்ள, இல்ல நான் எறங்கிக் கத்தவா?” என்று பெரியப்பா கேட்டார்.

ஒட்டன்சத்திரம் தாண்டி ஆயக்குடியை நெருங்கும்போது தூரத்தில் மலை தெரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சரியாக அந்த நேரத்தில் மாமா வேனை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மணி ஒன்பது பத்து.

“நாலரை மணி நேரம் ஓட்டியாச்சு. நாப்பத்தஞ்சு நிமிஷம் படுக்கணும்” என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நடுவில் டீக்கு நிறுத்திய பத்து நிமிஷம் கணக்கில் சேராதாம். அந்த நாட்டு லாரியில் மீட்டருக்குள் ஒரு வட்டத்தாளைச் செருகி வைப்பார்களாம். வண்டி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று ஒரு முள் அதில் கீறிக்கொண்டே இருக்குமாம். நாலரை மணி நேரம் தாண்டினால் போலீஸ் பிடிக்குமாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பின் சீட்டில் போய்க் காலை மடக்கிப் படுத்து, துண்டால் முகத்தை மூடி, அடுத்த நிமிஷமே தூங்கிவிட்டார்.

“இந்தா தெரியுது மலை! ஆயக்குடியில எந்தப் போலீஸ்காரன்டா ஒன் தாளப் பாக்கப்போறான்?” பெரியப்பாவின் குரல் மரத்தில் இருந்த காக்கையைக் கிளப்பியது. மாமா அசையவில்லை. அப்பாவுக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவர் கைக்கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். கொய்யாப்பழக்காரி ஒருத்தி கூடையோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, “தூங்குறவுகள எழுப்பாதீங்க, பழம் வாங்குங்க” என்றாள். அத்தை அந்தப் பதற்றத்திலும் பேரம் பேசினாள். நான் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அம்மா மட்டும் வேன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், காவல் மாதிரி. தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் என் பக்கம் இல்லை என்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

“ஒந் தம்பிக்கு ஒரு நல்லது கெட்டது தெரியுமா? ஏழு வருசமா எட்டிப் பாக்கல. இப்ப வந்தும் இப்புடி. இங்கிட்டு வா, பதில் சொல்லு” என்று பெரியப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா எழுந்து போனாள். நான் உள்ளே ஏறினேன்.

மாமாவின் சட்டைப்பை அவர் மூச்சோடு ஏறி இறங்கியது. இரண்டு விரலை விட்டுச் சாவியை எடுத்தேன். வெட்கமோ பயமோ இல்லை. நேராகப் போய்ப் பெரியப்பா கையில் வைத்தேன். “கெட்டிக்காரி!” என்றார். டிராக்டர் ஓட்டிப் பழகியவர் அவர். எல்லோரும் திபுதிபுவென்று ஏறினார்கள். “அவன் எந்திரிக்கட்டும், அவன் எந்திரிக்கட்டும்” என்று அம்மா சொன்னது யார் காதிலும் விழவில்லை.

வேன் ஒரு குலுக்கலோடு கிளம்பியதும் மாமா சீட்டிலிருந்து கீழே விழுந்தார். எழுந்து, தட்டுத்தடுமாறி முன்னால் வந்து, பெரியப்பாவின் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. யாரையும் திட்டவில்லை. அடிவாரம் வரும்வரை அவருடைய வலது கால் மட்டும் வேனின் தரையை அழுத்தி அழுத்தி மிதித்தது, அங்கே ஒரு பிரேக் இருப்பதுபோல. நானும் அதேபோல மிதித்துக் காட்டினேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

பத்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது மாமா மடியில் உட்கார்ந்தேன். மடி நடுங்கியது. “மாமங்காரரே, காலை ஆட்டாதீங்க, பிசகிப்போயிரும்” என்றார் காது குத்தும் ஆசாரி. பிசகித்தான் போனது, இன்றைக்கும் என் இடது காது ஓட்டை கொஞ்சம் மேலே இருக்கிறது. நான் அழவில்லை. மாமா அழுதார். தாய்மாமன் அழுத காதுகுத்தை அன்றுதான் பார்த்தோம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

சாவியை எடுத்தது யார் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். “நாந்தேன் குடுத்தேன்க்கா, விடு” என்றார் மாமா.

இதற்குப் பின்னால் இருந்ததை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். எனக்கு ஐந்து வயதானபோது மாமா சும்மா கடிதம் போடாமல் இல்லை; அவர் ஜெயிலில் இருந்தார். சந்தை கூடுவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும், இன்னும் அரை மணி நேரம்தானே என்று முதலாளி அவசரப்படுத்த, மாமா வட்டத்தாளை மாற்றிப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார். எத்தனை நொடி கண் அசந்ததோ தெரியாது. சாலையோரம் குந்தி உட்கார்ந்து கார் டயரை மாற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதர் செத்துப்போனார். இரண்டரை வருஷம் தண்டனை. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்த மடியில் என்னை உட்காரவைக்கச் சம்மதிப்பார்களா?

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணிக்குத் திரும்பினோம். பெரியப்பாவுக்கு உண்ட மயக்கம். மறுபடியும் மாமாதான் ஓட்ட வேண்டியிருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு முன் சீட்டில் உட்காரவைத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முழங்கைக்குமேல் ஏற்றிவிட்டார்.

“ஆத்தா, மணி பாக்கத் தெரியும்ல? அஞ்சரை ஆனதும் மாமாகிட்டச் சொல்லணும். மாமா நிறுத்தலைன்னா சாவிய நீயே உருவிரு. ஒனக்குத்தான் எடுக்கத் தெரியுமே.”

அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் காது இரண்டும் வீங்கித் தெறித்தது. பின்னால் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தலையைச் சாய்த்தால் ஜிமிக்கி குத்தியது. நெளிந்துகொண்டே கடிகார முள்ளைப் பார்த்தபடி நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காரைக்குடி தாண்டி, “மாமா, அஞ்ச...” என்று நான் வாயெடுத்ததுமே வேன் ஓரங்கட்டி நின்றது. சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, மாமா ஸ்டியரிங்மேலே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இதெல்லாம் நான் சாவி திருடியதற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? வீடு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீசாத குறையாக அவரிடம் நீட்டினேன். மாமா அதை வாங்கிக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளையான என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். கேலி செய்கிறார் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழிப்புக் காட்டிவிட்டு உள்ளே ஓடிப்போனேன்.