அங்கி போட்டால் பேசக் கூடாது

தாம்பரத்தில் நான் அறிவியல் வாத்தியார். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கணையம், இன்சுலின் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன். உயரமும் தாடியும் வாய்த்திருந்ததால், சர்ச்சில் பழக்கமான ஒருவர் தவக்காலத்துக்காக டிவிக்கு எடுத்த தொடரில் என்னை இயேசுவாக்கிவிட்டார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.

வண்டலூர் தாண்டி ஒரு பழைய கல்குவாரியில் ஆறு நாள் படப்பிடிப்பு. டைரக்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "சார், அங்கி போட்டுட்டா யார்கிட்டயும் பேசக் கூடாது. நீங்க டீ குடிக்கறதைக்கூட ஜனங்க பாக்கக் கூடாது." அதனால் ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டீ குடித்தேன்.

கூட்டமாக நிற்பதற்குக் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் பெண்களை வேனில் அழைத்து வந்தார்கள். அதில் ஓர் அம்மாவுக்குப் பாதத்தில் சர்க்கரைப் புண். பார்த்ததும் டைரக்டருக்கு ஒரே குஷி. "மேக்கப்பே வேணாம்!" என்று கட்டைப் பிரிக்கச் சொல்லி முன்னால் உட்கார வைத்தார். நான் அந்தப் பாதத்தில் கை வைத்து, வானத்தைப் பார்த்து, எழுந்து நடக்கச் சொல்ல வேண்டும். ஏழு டேக். ஏழு தடவையும் அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கடைசித் தடவை நிஜமாகவே அழுதார்.

மறுநாள் காலை, அங்கியோடு நின்ற என்னிடம் வந்து கும்பிட்டார்.

"ராத்திரி நல்லா தூங்கினேன் சாமி. ஊசி, மாத்திரை எல்லாத்தையும் வுட்டுட்டேன். உன் கை பட்டுச்சே, அதுக்கு மேல இன்னா வோணும்?"

சர்க்கரைக்காரர் ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று போர்டில் எழுதிப் போடுகிறவன் நான். 'ஐயோ, நிறுத்தாதீங்கம்மா' என்று நாக்கு நுனி வரை வந்தது. டைரக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்களும் கை கூப்பினார்கள். பாவி நான் என்ன செய்தேன் தெரியுமா? லேசாகச் சிரித்து, கேமரா முன் தூக்குகிற மாதிரியே வலது கையைத் தூக்கினேன். அந்தக் கும்பிடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் அங்கியைக் கழற்றியதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நான் கழற்றி முடிப்பதற்குள் அவர்கள் வேன் கிளம்பிவிட்டது. அடுத்த நாள் வேறு ஆட்கள் வந்தார்கள். நானும் விசாரிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த பிறகு, அவர்களை அழைத்து வந்த ஏஜென்ட் சொன்னார். அந்த அம்மா அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் போகாமல் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் பழப்பையோடு போனேன். தாடி மழித்த முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஷூட்டிங்கிலிருந்து வருகிறேன் என்றேன்.

"அந்த சாமியப் பாத்தா சொல்லுப்பா," என்றார், போர்வைக்கு மேல் கையை வைத்தபடி. "அவரு மேல தப்பே இல்ல. புண்ணு நாற ஆரம்பிச்சுது. பயந்துகினு ஒரே ஒரு மாத்திர முழுங்கிட்டேன். அவர சந்தேகப்பட்டுட்டேன் பாரு, அதான் கால் போயிடுச்சி."

என்னைத் தடுக்க அங்கே டைரக்டர் இல்லை. உடம்பில் அங்கியும் இல்லை.

"சொல்றேம்மா," என்றேன்.