கானா மீன் குழம்பு

சட்னிக்கு நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். பேளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்த மீன்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். வறுத்த கடலை வாசனையோடு மீன் கவிச்சியும் கலந்ததும் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

அப்பா போர்வெல் லாரியில் வேலைக்குப் போய் ஆப்பிரிக்காவில், கானாவில் மூன்று வருடம் இருந்தார். எனக்கு ஒன்பது வயதாகும்போதுதான் திரும்பினார். வந்த மறுநாளே, அங்கே சாப்பிட்டுப் பழகியது என்று, கடலையை விழுதாக அரைத்துத் தக்காளியோடு கொதிக்கவிட்டு மீனைப் போட்டார். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது.

"ஏனுங்க, புளி ஊத்தலீங்களா?" என்றாள் அம்மா.

"இதுக்குப் புளி ஆகாது."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மூன்று வருடமாக அவள் மட்டுமே ஆக்கிய அடுப்பு அது. அப்பா கை கழுவப் போன நேரத்தில் ஒரு கரண்டி புளிக்கரைசலைச் சட்டியில் ஊற்றினாள். "சொல்லிப்போடாத கண்ணு" என்றாள் என்னிடம்.

அப்பா முதல் வாய் சாப்பிட்டதும் நிறுத்தினார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கிளம்பும்போது, கட்டிய பையை அவிழ்த்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, ஒரு உருண்டை புளி குடு. அங்க மீனுக்கு ஆகும்."

மீன்காரரிடம் அரைக் கிலோ வாங்கினேன். கடலையை அரைக்கும் முன்பே புளியை ஊறப்போட்டேன்.