பின்லாந்திலிருந்து எனக்கொரு அழைப்பு வரும்

தோழிகளே, இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று தக்கலையில் ரீசார்ஜ் செய்யப் போனேன். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்த பின்லாந்துக்கார அம்மா ஒருவர், பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டு, அதே கடையில் புதிது வாங்கிக்கொண்டிருந்தார். சிம்முக்கு உள்ளூரில் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம். அவருக்கு இங்கே யாரைத் தெரியும்?

கடைக்கார அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ இங்கிலீசுக்குத்தானே படிச்ச? இப்பம் பேசல்லன்னா பின்ன எப்பம் பேசப்போற?"

பேசினேன். நான்தான் பேசினேன். அவருக்குத் தெரிந்த ஆளாகவும் ஆகிவிட்டேன்.

அவருடைய மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவமாம். நாளை சாயங்காலம்தான் சிம் வேலை செய்யும் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. யோசிக்காமல், மகளுக்கு என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். என் போனிலிருந்தே மகளுக்கு மெசேஜ் அனுப்பினார்.

குழந்தை பிறந்ததும் மருமகன் என்னைக் கூப்பிடுவார். அந்த அம்மா தங்கியிருக்கும் லாட்ஜுக்கு நான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

"வெள்ளக்காரி மவளுக்கு வலி, நீ எதுக்குட்டி கெடந்து தவிக்க?" என்கிறாள் என் அம்மா. ஆனால் போன் அடித்தால் என்னைவிட முதலில் அவள்தான் எழுகிறாள்.

இதுவரை வந்ததெல்லாம், வீடு சேர்ந்ததும் நீங்கள் கொடுக்கும் மிஸ்டு கால்கள்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். நாளை சாயங்காலம் வரை யாரும் எனக்கு மிஸ்டு கால் கொடுக்காதீர்கள். நீங்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று நானே நம்பிக்கொள்கிறேன்.