பூட்டை உடைத்தது யார்?

புலம்பெயர்ந்து வந்த நகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே எண்பத்தெட்டு வயது இங்கிலாந்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் தேநீர் குடித்தபடி சொன்னார்: “யுத்தம் முடிந்தபிறகு நாங்கள் இராணுவ முகாமில் இருந்தோம். பாண் வாங்கக்கூடக் கூப்பன் வேண்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வன்னியில் யுத்தம் முடிந்ததும் ஆமி அடைத்துவைத்த முட்கம்பி முகாமுக்குள் ஒரு வருடம் இருந்தவள் நான். அவர் கையைப் பிடித்து, “ஆமி எப்போது உங்களை வெளியே விட்டது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அப்பாவே ஆமிதான். உலக யுத்தத்தில் வென்று வந்தவருக்குக் குடியிருக்க வீடில்லை. காலியாகக் கிடந்த முகாமின் பூட்டை உடைத்து எங்களைக் குடிவைத்தார். அரசாங்கம்தான் எங்களை வெளியேற்றப் பார்த்தது!”

வென்றவர்களுக்கும் கூப்பனா? முகாமுக்குள் போகவா பூட்டை உடைத்தார்கள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “நானும் முகாமில் இருந்தேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா! உங்களுக்குப் பூட்டை உடைத்தது யார்?”

சற்றுமுன் நான் செய்த அதே பிழை.

வீட்டில் இதைச் சொன்னதும் கணவர், “நீர் என்ன சொன்னனீர்?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் சீனி போடவோ எண்டு கேட்டனான்.”