வாசல் தெளித்ததுபோல் தெளித்த தண்ணீர்

அக்கம்பக்கத்து வாசலெல்லாம் மண் தெரியக் கூட்டிக் கிடக்கும்போது நம் வீட்டு முன்னால் மட்டும் ஏன் புல்லை விட்டுவைத்திருக்கிறேன் என்று, பிள்ளைகளே, நீங்கள் கேட்கிறீர்கள். வெயில் நாளில் அதில் விளக்குமாறு வைத்தால் நான் சத்தம் போடுவதும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்புத்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரியம்மாவை நீங்கள் பார்த்ததில்லை. என் அண்ணனின் மனைவி. எனக்கு மதினி. கொழுந்தெடுக்கப் போய்ப் போய் நெஞ்சில் நோய் கண்டது. மலை ஏறக் கூடாது, மாதம் தவறாமல் மருந்துக்கு வர வேண்டும் என்று கண்டி பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தோட்டமோ வண்டி போகாத உச்சியில். அந்தச் சமயத்தில் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டக்கார வேலை வந்தது. சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு மதினி உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தே போய்விடலாம். அந்த அறைக்காகத்தான் அண்ணன் வேலையை ஏற்றார். கைக்கு உதவியாக நானும் போனேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

பங்களா முன்னால் பெரிய புல்தரை. தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லைச் சுரண்டியால் சுரண்டி எடுப்பதுதான் அண்ணன் அதுவரை செய்த வேலை. ஒரு புல் மிஞ்சினாலும் கங்காணியிடம் ஏச்சு வாங்கினவர். அப்படிப்பட்டவர் புல்லை வளர்க்க வந்தார்.

மழை உள்ளவரை ஒரு குறையும் இல்லை. தை கழிந்ததும் வானம் வெளுத்துவிட்டது. துரையின் மனைவி துரைசாணி வெயிலுக்குப் பயந்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டார். திரும்பி வந்ததும் புல்தரையில் விருந்து வைக்கப் போவதாகவும், அது பச்சையாக இருக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகவும் சமையல்கார அப்புவிடம் சொல்லிவிட்டுப் போனார். அறை போனால் ஆஸ்பத்திரியும் போய்விடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அண்ணன் சோம்பலே அறியாதவர். விடியுமுன் எழுந்து, பள்ளத்துப் பீலியில் நூலாக விழும் தண்ணீரைத் தகரத்தில் பிடித்து மேலே சுமப்போம். நம் சனம் வாசல் தெளிக்கிற மாதிரியே, கையால் அள்ளிப் புல்தரை முழுவதும் தெளிப்பார். பிறகு மெஷினைத் தள்ளி ஒட்ட வெட்டுவார். ஈர்க்கு விளக்குமாற்றால் ஒரு தும்பு இல்லாமல் கூட்டி அள்ளுவார். சுத்தம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அதுதான். தினமும் இப்படிச் செய்தோம். தினமும் புல் கருகியது.

குசினி வாசலில் நின்று அப்பு சொல்வான்: "என்னண்ணே, புல்லு வளக்கிறீங்களா, பல்லேகலப் பக்கம் மாதிரி பொகயில காயப்போடுறீங்களா?"

"ஒருநாளும் தவறாம தெளிக்கிறேனேடா," என்பார் அண்ணன். அவருக்குக் கோபம்கூட வராது. முகம்தான் சுருங்கிப்போகும்.

மதினிக்குத் தூர நடக்க முடியாது. பாத்திரம் கழுவின தண்ணீரையும், இருமித் துடைத்த துணிகளை அலசின தண்ணீரையும் ஒரு வாளியில் சேர்த்துவைப்பார். வாளி நிறைய இரண்டு மூன்று நாளாகும். நிறைந்ததும் அறைக்குப் பின்னால் ஒரே இடத்தில் கவிழ்ப்பார். அங்கே யாரும் வெட்டுவதில்லை, கூட்டுவதுமில்லை.

ஒரு காலை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டார். "ஏங்க, தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்க தெனம் தெளிக்கிற எடம் கருகுது. நான் நெனச்சப்ப கொட்டுற எடம் பச்சையா நிக்குது. இது என்ன ஞாயம்?" சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

நான் புல்தரையில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஈரம், நகம் மறையுமுன் புழுதி. அவர் தண்ணீர் கொட்டிய இடத்தில் விரல் முழுவதும் போயிற்று. அடியில் மண் குளிர்ந்திருந்தது.

அன்றே முறையை மாற்றினோம். தரையைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு பங்குக்கு மட்டும் மண் குடித்து நிற்கும்வரை ஊற்றினோம். அடுத்த முறை வரும்வரை அந்தப் பங்கைத் தொடவில்லை. வெயிலில் அடிமண் காயாமல் இருக்கட்டும் என்று வெட்டுவதை நிறுத்தினோம். உதிர்ந்த சருகையும் மேலேயே விட்டோம். இந்தக் கடைசிக் காரியத்துக்கு மட்டும் அண்ணன் மனம் ஒப்பவில்லை.

"கூட்டாம கெடந்தா சோம்பேறின்னு சொல்ல மாட்டாங்களா?"

"அவங்களுக்கு வேண்டியது பச்சை. குப்பைய யாரு பாக்கப்போறா?" என்றார் மதினி.

மெல்ல மெல்ல அடியில் பச்சை கண்டது. சருகை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் மேலேயும் வந்திருக்கும். துரைசாணி நாங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்.

சப்பாத்துக் காலோடு புல்தரையில் நடந்து பார்த்தார். நீண்டு சாய்ந்த புல், மேலே வைக்கோல் நிறத்தில் சருகு. இங்கிலீசில் ஏதோ சொன்னார். அப்பு எங்களைப் பார்க்காமல் தமிழில் சொன்னான்: "வெட்டவும் இல்ல, கூட்டவும் இல்லங்கிறாங்க."

அண்ணன் மண்டியிட்டு இரண்டு கையாலும் சருகை விலக்கிக் காட்டினார். "கீழ பாருங்கம்மா, உசிரு இருக்கு. ஒரு மழ விழுந்தா எல்லாம் எந்திரிச்சிரும்."

அப்பு அதை ஒழுங்காகத்தான் சொன்னான். பதிலைக் கேட்டதும் அவன் குரல் இறங்கிவிட்டது. "மழ விழுந்தா எல்லாப் புல்லுந்தான் பச்சையாகும், அதுக்குத் தோட்டக்காரன் எதுக்குன்னு கேக்குறாங்கண்ணே."

அறையைக் காலி செய்தோம். கண்டியில் வேறு இடம் தேடினோம், பிலிமத்தலாவை வரை போய்க் கேட்டோம். இருமுகிற பெண்ணோடு எங்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் பழைய தோட்டத்துக்கே ஏறினோம். நானும் அண்ணனும் மாறி மாறி மதினியைத் தாங்கிக்கொண்டோம். அடிக்கடி உட்கார வைத்தோம்.

சித்திரையில் மழை பிடித்தது. அந்த மழைக்குள்ளேயே மதினிக்கு நோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். ரோட்டை அடையுமுன்னே அண்ணன் நிற்கச் சொன்னார். அவர்தான் தலைமாட்டில் பிடித்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, விட்டு வந்த அம்மிக்கல்லை எடுக்க நான் பங்களாவுக்குப் போனேன். புல்தரை பாய் விரித்ததுபோல் பச்சையாக இருந்தது. அதன்மேல் விருந்தாட்கள் உட்காரக் கதிரைகள் போட்டிருந்தார்கள். அப்பு தேத்தண்ணி கொடுத்து, "ஒங்கண்ணன் ஊத்துன தண்ணிதான் தம்பி. புது ஆளு ஒண்ணும் செய்யல," என்றான்.

தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணன் அம்மிக்கல்லைப் பார்க்கவில்லை. "அவ தண்ணி கொட்டுன எடம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சுரண்டி மண்ணாக்கிட்டாங்கண்ணே," என்றேன். "சுத்தமா இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலை, ஆளெடுத்து வேலை பிரிக்கிற பிரட்டில், அவருக்கு மறுபடி புல் சுரண்டும் வேலையே விழுந்தது. சுரண்டியை வாங்கிக்கொண்டு மலைக்குப் போனார்.